பூதத்துக்கு நான் கொடுத்த குரல்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதில், தெரியும் என்று என் தங்கச்சியிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். சொல்லும்போது பெருமை பிடிபடவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றில் எவ்வளவு அந்தப் பொய்யால் வந்தது, எவ்வளவு அது இல்லாமலே வந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

2003ஆம் ஆண்டு அது. சண்டை நின்று, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை திறந்திருந்தது. வெளிநாட்டிலிருந்தவர்கள் எல்லாம் ஊர் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ஊர்காவற்றுறைக் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டுக்கும் பாரிசிலிருந்து சித்தி வந்தார். அம்மாவின் ஒரே தங்கச்சி. கூடவே என் வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளைக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது, வெயில் சுட்டது, மீன் முள் தொண்டையில் குத்தியது. அவள் முறைப்பாடு சொல்லாமல் இருந்து பார்த்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்த ஏழு சீடிகள். அவளைச் சமாளிப்பதற்காகவே சித்தி யாழ்ப்பாணம் போய் ஒரு சின்னத் தொலைக்காட்சியும் சீடி போடுகிற பெட்டியும் வாங்கிவந்தார். எங்கள் பக்கம் அப்போது மின்சாரம் இல்லை. எல்லாம் கார் பற்றறியில்தான் ஓடின. பற்றறி இறங்கினால் அப்பா அதைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கரம்பொன்னில் இருந்த ஒரு கடைக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிவருவார்.

ஒரு மாதத்தில் அவர்கள் திரும்பிப் போனார்கள். தொலைக்காட்சியையும் சீடிகளையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். "எனக்கு இது இனி வேண்டாம், நான் பெரிசாயிட்டன்" என்றாள் சித்தியின் மகள். அவள் என்னைவிட நான்கு மாதம் இளையவள்.

யப்பானில் செய்த கார்ட்டூன் படம். குரல் மட்டும் பிரெஞ்சு. ஐந்து பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் அதில் வருவார்கள். ஒருத்திக்கு றோஸ் நிறத்தில் தலைமயிர், ஒருத்திக்குப் பச்சை, ஒருத்திக்கு நீலம். முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சின்னக் கோல். அதைச் சுழற்றினால் பள்ளிக்கூட உடுப்பு மறைந்து சட்டையும் சப்பாத்தும் மாறி, எங்கிருந்தோ ரிபன் வந்து இடுப்பில் சுற்றிக்கொள்ளும். அவர்கள் சண்டை பிடித்தது பூதங்களோடு. அந்தப் பூதங்கள் ஆளைத் தின்பதில்லை, வீட்டை உடைப்பதில்லை. ஓர் ஆளுக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறக்கும். அந்த ஆளின் நெஞ்சிலிருந்து ஏதோ வெளிச்சமாக இழுபட்டுப் போகும். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அந்த ஆள் நடப்பார், சாப்பிடுவார், வேலைக்குப் போவார். கண் மட்டும் வெறிச்சென்று இருக்கும்.

சித்தியின் மகள் இருந்த நாட்களில் அவளிடம் கேட்டிருந்தேன். "அது ஆக்களின்ரை மனசுக்குள்ளை இருக்கிறதைச் சாப்பிடும்" என்றாள். மனதுக்குள் எதை என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் அதற்கு மேல் ஓடவில்லை. "எல்லாம்" என்று கையை விரித்தாள்.

தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. விருந்தாளிகள் போன பிறகு முதல் சீடியைப் போட்டதும் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உவள் என்ன சொல்லுறாள்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மாதம் முழுக்க அவள் சித்தியின் மகளின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. "எனக்கு அவ பிரெஞ்சு படிப்பிச்சவ" என்று அளந்துவிட்டேன். பிறகு திரையில் வாய் அசையும் நேரமெல்லாம் தமிழ் சொல்லத் தொடங்கினேன். றோஸ் தலைமயிருக்கு மெல்லிய குரல். பச்சைக்குக் கொஞ்சம் அதட்டல். பூதத்துக்கு, தொண்டையைக் கனைத்து, அடிவயிற்றிலிருந்து.

"பூதம் எதைச் சாப்பிடும்?" என்று அவள் கேட்ட நேரத்தில் திரையில் ஒரு சின்னப் பிள்ளை வீதியோரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தது. பூதம் அதைத் தேடி வந்துகொண்டிருந்தது. எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"அழுகையை" என்றேன். "ஆரும் அழுதால் அதுக்கு மணக்கும். மணந்து மணந்து வந்திடும்."

யோசிக்கத் தேவையில்லாததற்குக் காரணம் எங்கள் வீடு. எங்கள் கரையில், கடலுக்குப் போன ஆள் திரும்பும்வரை வீட்டில் அழக்கூடாது. எல்லா வீட்டிலும் அப்படியா தெரியாது. எங்கள் வீட்டில் அது செபமாலையைவிடக் கட்டாயம். "ஆள் கடலிலை நிக்கேக்கை கண்ணீர் விழுத்தாதேங்கோ. முன்கூட்டி அழுதால் அது தனக்கொரு காரணத்தைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்திடும்" என்பார் அம்மா. விழுந்தாலும் சரி, அடி வாங்கினாலும் சரி, அப்பாவின் வள்ளம் கரையில் முட்டும்வரை பொறுக்கவேண்டும்.

பொறுத்தோம். தங்கச்சி என்னைவிட நன்றாகப் பொறுத்தாள். காலையில் முழங்கால் உரஞ்சியிருக்கும், பத்து மணிக்குப் பூனை அவளுடைய பொரித்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். எல்லாவற்றையும் உதட்டைக் கடித்து உள்ளே வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா வந்து வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு நிமிரும்போது ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாள். அப்பா குனிந்து தாடையைத் தூக்கிப் பார்ப்பார்.

"சரி, நான் வந்திட்டன் பிள்ளை. இனி அழு" என்பார்.

உடனே அழுவாள். வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். காலையில் விழுந்ததற்குப் பின்னேரம் அழுகிற பிள்ளை உலகத்திலேயே இதுதான் என்று பகிடி பண்ணுவார்கள். அவள் யாரையும் கவனிக்கமாட்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி முழங்காலுக்கும் பூனைக்கும் தனித்தனியாக அழுது முடித்து, மூக்கைச் சட்டையில் துடைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

அப்படிப் பழகிய பிள்ளைக்கு அழுகை தின்னும் பூதம் என்ன பெரிய அதிசயம்? கேட்டதும் தலையை ஆட்டினாள். அவளுக்கு எல்லாம் பொருந்திவந்தது. அம்மா சொல்லுகிற "அது" இதுதான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் அதற்கு மேல் கை கால் எல்லாம் வைத்துக் கொடுத்தேன். பூதம் கடலுக்கு அடியில் இருக்கும், மேலே ஒரு துளி விழுந்தாலும் கேட்கும், அழுத பிள்ளையை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கு விருப்பமான ஆளைத்தான் முதலில் பிடிக்கும் என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் சொன்னது எந்தச் சீடியிலும் இல்லை. என் சொந்தச் சரக்கு.

ஒருநாள் மத்தியானம் அப்பாவும் விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே எங்களோடு படம் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, உதுகளுக்குத் தாய் தேப்பன் இல்லையோ? பள்ளிக்கூடம் விட்டால் வீட்டை போகாமல் பேயோடை சண்டைக்கு நிக்குதுகள்."

"உதுகள்தான் அப்பா எல்லாரையும் காப்பாத்திறது" என்றாள் தங்கச்சி.

"கண்ணைப் பார். விளைமீனுக்கும் இவ்வளவு பெரிய கண் இல்லை" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "நீ நல்லாய்த்தான் கதை விடுறாய்" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்குப் பற்றறி இறங்கும்வரை இருந்து பார்த்துவிட்டு, அடுத்த நாள் அவராகவே அதைக் கரம்பொன்னுக்குக் கொண்டுபோனார்.

ஏழாவது சீடியில் ஒரு கீறல் இருந்தது. ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து எல்லாப் பூதங்களுக்கும் பெரிய பூதத்துக்கு முன்னால் நிற்பார்கள். நான்கு பேர் விழுந்துவிடுவார்கள். றோஸ் தலைமயிர்க்காரி தனியாகக் கோலை உயர்த்துவாள். அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். எத்தனை முறை துடைத்துப் போட்டாலும் அதே இடம்தான். மூன்று வருஷம் அந்தச் சண்டையின் முடிவு எங்களுக்குத் தெரியாது. என்ன நடந்திருக்கும் என்று தங்கச்சி கேட்பாள். நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லுவேன்.

பிறகு 2006. சண்டை திரும்பவும் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றோம். கடலுக்குப் போவதற்கும் முறை வந்தது. காலையில் கரையில் இருந்த கடற்படைக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பின்னேரம் இரண்டு மணிக்குள் திரும்பி வந்து அதை எடுக்கவேண்டும். இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக்கூடாது. பற்றறி சார்ஜ் பண்ணும் கடையும் எண்ணெய் இல்லாமல் பாதி நாள் பூட்டிக்கிடந்தது. நாங்கள் படம் பார்ப்பது மாதத்தில் ஒருமுறை என்று ஆனது.

மாரி தொடங்கிய ஒரு சனிக்கிழமை. அப்பா விடியவே போய்விட்டார். எனக்குப் பதினான்கு வயது, தங்கச்சிக்கு எட்டு. ஒன்பது மணியிருக்கும், கிணற்றடிக்குப் போனேன். அவள் குந்தியிருந்து சட்டி பானை தேய்ப்பதுபோல் எதையோ மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ப் பொச்சும் சாம்பலும். கையில் ஏழாவது சீடி. கீறலைத் தேய்த்துப் போக்கினால் முடிவைப் பார்க்கலாம் என்று அவள் யோசித்திருக்கிறாள். அலுமினியச் சட்டிக்கு அம்மா அப்படித்தான் செய்வார். நான் பிடுங்கிப் பார்த்தபோது சீடி முழுக்க வெள்ளையாய்ப் போயிருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கன்னத்தில் அறைந்தேன். ஒன்றல்ல, இரண்டு.

அவள் அழுதாள். அடிக்காக அழுதாளா, சீடிக்காக அழுதாளா தெரியாது. அப்பா கடலில் நிற்கும்போது அவள் அழுததை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். வாய்விட்டு, கூப்பிட்டு அழுதாள். குசினிக்குள்ளிருந்து அம்மா மீன் கையோடு ஓடிவந்தார்.

"வாயை மூடு. ஆள் கடலிலை."

தங்கச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். கை முழுக்கச் சாம்பல். கண்ணிலிருந்து வந்தது மட்டும் நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு மற்ற வள்ளங்கள் வந்தன. மூன்று மணிக்கும் அப்பா வரவில்லை. நான்கு மணிக்கு அம்மா காவலரணுக்குப் போனார். அப்பாவின் அடையாள அட்டை காலையில் கொடுத்தபடியே அங்கே இருந்தது. அடுத்த நாள், தேடிப் போனவர்கள் வள்ளத்தைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தார்கள். புங்குடுதீவுப் பக்கம் நங்கூரம் போட்டபடி நின்றதாம். வலை பாதி இழுத்தபடி கிடந்தது. சோற்றுத் தூக்குச்சட்டி திறந்திருந்தது, பாதி சாப்பிட்டபடி. கடல் எடுத்ததா, ஆட்கள் எடுத்தார்களா, ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் இருந்தாலும் சொல்லக்கூடிய காலமாக அது இருக்கவில்லை.

அம்மா கேட்காத இடமில்லை. முகாமுக்குப் போனார். பொலிசுக்குப் போனார். காணாமல் போனவர்களைப் பதிகிற அலுவலகங்களுக்குப் போனார். மண்டைதீவுச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி இறங்கி ஏறி, யாழ்ப்பாணம் போய் மணிக்கணக்காய் மர வாங்கில் இருந்து, படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவார். எல்லா இடமும் கையை விரித்தார்கள். அந்த அட்டையையாவது தாருங்கள் என்று காவலரணில் கேட்டிருக்கிறார். ஆள் வந்துதான் எடுக்கவேண்டும், அதுதான் சட்டம் என்றார்களாம். வேறு யாராக இருந்தாலும் அதைக் கேட்டு ஒடிந்திருப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, "ஆள் வந்துதான் எடுக்கவேணும் எண்டு அவங்களே சொல்லுறாங்கள்" என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அம்மா அழவில்லை. அழ வந்தவர்களையும் விடவில்லை. செத்தவீடு போல ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த அப்பாவின் அக்காவை வாசல் படலையிலேயே மறித்து, "அழுறதெண்டால் உங்கடை வீட்டை போய் அழுங்கோ. இஞ்சை ஆள் கடலாலை வரேல்லை" என்று திருப்பி அனுப்பினார். அந்த மாமி அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அப்பா போய் ஆண்டு முடிந்ததும் கோயில் சுவாமியார் வந்து ஆன்ம சாந்திக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமே என்று பக்குவமாகக் கேட்டார். "உயிரோடை இருக்கிறவருக்கு ஒப்புக்குடுங்கோ, சுவாமி" என்றார் அம்மா. அப்படியே ஒப்புக்கொடுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தோம். சுகமாய் இருக்கிற ஒருவருக்காகச் செபிப்பதுபோல் செபித்தோம்.

வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்த அன்றைக்கே பின்னேரம் தங்கச்சி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"நான் அண்டைக்கு அழுதனான் அக்கா. அதாலைதானோ?"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றைக்கு ஆயிரம் வசனம் வருகிறது. பூதம் இல்லை, நான் சொன்னதெல்லாம் பொய். உன்னை அடித்தது நான், அழவைத்தது நான், பழி சொல்வதென்றால் என்னைத்தான் சொல்லவேண்டும். இதில் ஒன்றும் அன்றைக்கு வாயில் வரவில்லை. வராததற்குக் காரணம் வெட்கமானது. எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. வாயால் நான் கட்டிய பூதம்தான். ஆனாலும் அம்மா சொன்னதும் அதைத்தானே? முன்கூட்டி அழுதால் அது காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிடும் என்று. காலையில் அழுதாள், பின்னேரம் காரணம் வந்தது. பதினான்கு வயதில் அதை எப்படி எதிர்த்து வாதாடுவது? "இல்லை" என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் அழவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஊர் அதை நல்ல பிள்ளைக் குணமாகவே எடுத்துக்கொண்டது. தகப்பன் இல்லாத வீட்டில் தாயைக் கஷ்டப்படுத்தாத பிள்ளை என்றார்கள். ஒன்பது வயதில் சைக்கிளால் விழுந்து இடது கையை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எலும்பை இழுத்துப் பொருத்தும்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரிய மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நெற்றியில் வியர்வை மட்டும் ஓடியது.

"நல்ல தைரியமான பிள்ளை" என்று தாதி தலையைத் தடவினார். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, பாருங்கோ."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. "அழு, தங்கச்சி, பரவாயில்லை அழு" என்று காதுக்குள் கெஞ்சினேன். அவள் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. மூன்று வருஷம் பற்றறி இறங்க இறங்க அதைத்தான் திரையில் பார்த்திருந்தேன்.

அழுகை போனால் அதோடு வேறு என்னென்னவோவும் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சிரிப்புக் குறைந்தது. கோபம் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது பென்சிலை எடுத்தால் எடுக்கட்டும் என்று விட்டுவிடுவாள். முன்பு பூனைக்குப் பின்னால் ஊரைச் சுற்றி ஓடியவள், அந்தப் பூனை செத்தபோது பூவரசுக்குக் கீழே கிடங்கு வெட்டிப் புதைத்து, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வந்தாள். நடந்தாள், சாப்பிட்டாள், படித்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள்.

2008இல் ஒருநாள் பாரிசிலிருந்து சித்தி போன் எடுத்தபோது, மகளிடம் கொடுக்கச் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினாறு. அந்தப் படத்தின் முடிவைக் கேட்டேன். பூதத்தை எப்படி வெல்கிறார்கள், பூதம் எடுத்ததையெல்லாம் திரும்ப எடுக்கலாமா, எடுத்தால் அந்த ஆட்கள் பழையபடி வருவார்களா என்று கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்பதுபோல் கேட்டேன்.

"எந்தப் படம்?" என்றாள். நான் விளங்கப்படுத்தினேன். "ஓ, அதோ. அது சின்னப் பிள்ளையளின்ரை படம் எல்லோ. எனக்கு ஞாபகம் இல்லை" என்றாள். பிறகு இரக்கப்பட்டு, "வெண்டிருப்பினம். உப்பிடிப் படத்திலை வெல்லுறதுதானே" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம். எனக்குத்தான் கேட்பதற்கு வேறு ஆள் இருக்கவில்லை.

2009இல் சண்டை முடிந்தது. வன்னியில் இருந்தவர்களையெல்லாம் வவுனியாவில் முகாம்களில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். எப்போதோ காணாமல் போனவர்களும் அங்கே இருக்கிறார்களாம், ஒருவர் கண்டாராம், இன்னொருவர் பேசினாராம். எங்கள் கரையில் அந்தக் கதை வந்த நாளே அம்மா பையைக் கட்டினார். அப்பாவின் ஒரே படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு, அனுமதிக்கு அலைந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். கம்பிவேலிக்கு வெளியே நின்று, உள்ளே நின்றவர்களுக்குப் படத்தைக் காட்டியிருக்கிறார். ஐந்து நாள். ஆறாம் நாள் திரும்பி வந்தார். காலெல்லாம் வீங்கியிருந்தது. படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "அங்கை ஆக்கள் கூட. எல்லாரையும் பாக்க ஏலாது" என்றார். பிறகு குசினிக்குள் போய் அரிசி களைந்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், இனி என்னால் பொறுக்கமுடியாது என்று நினைத்தேன். அப்பாவைக் கொண்டுவர என்னால் ஏலாது. அம்மாவை மாற்றவும் ஏலாது. ஆனால் தங்கச்சியின் பூதத்தைக் கட்டியது நான். அதையாவது நான் கொல்லலாம்.

எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரம் வந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை, மத்தியானம் ஆனதும், மூலையில் தூசு பிடித்துக்கிடந்த தொலைக்காட்சியைத் துடைத்து வைத்தேன். ஏழாவது சீடி இல்லாததால் ஆறாவதைப் போட்டேன். தங்கச்சியைக் கூப்பிட்டேன். பதினொரு வயது. கதிரையில் நேராக உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

நான் பேசத் தொடங்கினேன். பதினேழு வயதில் அந்தக் குரல்கள் சரியாக வரவில்லை, ஆனாலும் விடவில்லை. றோஸ் தலைமயிர்க்காரி கோலைச் சுழற்றினாள். "இந்தப் பூதம் இண்டையோடை முடிஞ்சுது. இனி ஆரும் அழலாம். பகலிலையும் அழலாம். அழுதால் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது" என்று அவளைச் சொல்லவைத்தேன். "ஒரு சின்னப் பிள்ளை அழுததாலை ஒருத்தரும் காணாமல் போகேல்லை. அந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை" என்றும் சொல்லவைத்தேன். அந்த இடத்தில் குரல் உடைந்து, என் சொந்தக் குரலாகவே வந்துவிட்டது. திரையில் வாய் எப்போதோ மூடியிருந்தது.

தங்கச்சி எழுந்து போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"உனக்குப் பிரெஞ்சு தெரியாது அக்கா" என்றாள்.

அவள் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

"நீ ஒவ்வொருமுறையும் வேற வேற சொல்லுவாய். ஒரே படத்துக்கு. நான் சின்னனிலையே கண்டுபிடிச்சிட்டன். அப்பாவுக்குச் சொன்னனான். அக்காவின்ரை கதை நல்லாயிருக்குத்தானே, விடு எண்டவர்."

"அப்ப பூதத்தை நீ நம்பேல்லையோ?"

"அப்பா போன அண்டைக்குக் கொஞ்சம் நம்பினனான். பிறகு இல்லை."

"அப்ப ஏன் அழாமல் இருக்கிறாய்? கை முறிஞ்சதுக்கும் அழேல்லை. பூனைக்கும் அழேல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வை, தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனையில் லேசான கேள்வியைக் காட்டித் தருகிற மாதிரி இருந்தது.

"அப்பா இன்னும் கரைக்கு வரேல்லைத்தானே" என்றாள். "வரட்டும். வந்து சொல்லட்டும். எல்லாத்துக்கும் சேர்த்து அழுவன்."

அந்த ஒரு படத்தை, பூதத்தை, பொய்யைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று வருஷமாக என்னையே தின்றுகொண்டிருந்தேன். அதைக் கொன்றால் அவள் பிழைத்துவிடுவாள் என்று நம்பினேன். கொல்வதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அவர் வரமாட்டார் என்று அவளுக்குச் சொல்வதுதான் ஒரே வழி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கில் இருந்தும் கம்பிவேலியில் நின்றும் அம்மா கட்டிக்காத்ததை ஒரு வசனத்தில் உடைக்கும் துணிவு எனக்கு இல்லை.

"அழுதால் உனக்குச் சுகமாய் இருக்கும்" என்றேன்.

"நீ அழுதனியோ?" என்று கேட்டாள்.

குசினியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா போன நாள், வள்ளம் வந்த நாள், பூசை ஒப்புக்கொடுத்த நாள், ஆஸ்பத்திரியில் அவளை அழச்சொல்லிக் கெஞ்சிய நாள். ஒவ்வொன்றாகத் தேடினேன்.

"இல்லை" என்றேன்.

தங்கச்சி தலையை ஆட்டினாள். அவள் எதிர்பார்த்த பதில்தான். சீடியை எடுத்து உறைக்குள் போட்டு, உறையை மற்ற ஐந்தோடும் சேர்த்து அடுக்கி வைத்தாள். குசினியில் அம்மா திரும்பவும் தேங்காய் துருவத் தொடங்கினார். வெளியே இரண்டு மணி வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் இருவரும் வழக்கம்போல் வாசலில் போய் நின்று பார்த்தோம்.